முதலில் நாலு பேர்: இசை எழுதுபவர்களுக்குக் கேள்வி பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தேன். கச்சேரிக்குக் கீர்த்தனை செய்வதும் இல்லாமல் சினிமாவுக்கு மெட்டுப் போடுவதும் இல்லாமல், ஓர்கெஸ்ட்ராவுக்கோ நாலைந்து பேர் வாசிக்கிற சிறு குழுவுக்கோ தாளில் இசை எழுதிப் பார்க்கிறவர்கள் வன்னியில் இருந்தால் கேள்வி அனுப்புங்கள் என்று. இரண்டு வந்தாலே பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். பதினொன்று வந்தது. அதில் இரண்டு என்னைத் திட்டி எழுதியவை, அவற்றில் ஒன்றுக்குப் பதில் கீழே இருக்கிறது. பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கொம்பியூட்டரில் ஒரு சிம்பொனி எழுதி முடித்துவிட்டேன். நாற்பது நிமிடம், நாலு பகுதி, முழு ஓர்கெஸ்ட்ரா. பிளேபாக்கில் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. இதை யார் வாசிப்பார்கள், யாருக்கு அனுப்பவேண்டும்?

பதில்: தம்பி, நாற்பது நிமிட இசையை முடித்ததற்கே முதலில் கை கொடுக்கவேண்டும், ஏனென்றால் பாதியில் விட்டவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன், கண்ணாடியிலும் சேர்த்து. இனி கசப்பான பக்கம். இலங்கையில் முழு ஓர்கெஸ்ட்ரா என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது கொழும்பில் 1958 முதல் இயங்கிவரும் இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ராதான். நீங்கள் எழுதியிருப்பதற்கு எழுபது பேர் வேண்டும். முன்பின் கேட்டிராத நாற்பது நிமிட இசையை ஒழுங்காக ஏற்ற எட்டு மணித்தியால ஒத்திகை என்று குறைத்துக் கணக்குப் பார்த்தாலும் 560 ஆள்மணி வருகிறது. வயலில் நெல் அருவி வெட்ட ஆள் பிடிக்கிற காலத்தில் எங்களுக்குப் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு, ஒருவரும் கேள்விப்படாத பெடியன் ஒருவனுடைய முதல் உருப்படிக்காக எழுபது பேரை ஒரு மண்டபத்தில் யார் இருத்துவார்கள்?

அதைவிட முக்கியமான விஷயம் பிளேபாக். நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்ஐ அச்செடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ஃபுளூட்டுக்கு நடு சியிலும் (மேற்கத்தியச் சுரங்களுக்கு ஆங்கில எழுத்துதான் பெயர்) அதற்கு மேலே டியிலும் ஒரு அழகான வரி கொடுத்திருக்கிறீர்கள், கீழே நாலு ஹோர்ன், இரண்டு ட்ரம்பெட். கொம்பியூட்டரில் ஃபுளூட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பீர்கள், அதனால் கேட்கிறது. மண்டபத்தில் கேட்காது. ஃபுளூட்டின் அடிச் சுரங்கள் காற்றும் சத்தமும் பாதிப்பாதியாகக் கலந்த மெல்லிய சுரங்கள், பக்கத்தில் ஒரு ட்ரம்பெட் வாயெடுத்தாலே அது போய்விடும். அதே வரியை ஒரு எட்டுச் சுரம் மேலே ஏற்றுங்கள், இல்லையென்றால் ட்ரம்பெட்டை வாயை மூடச் சொல்லுங்கள்.

ஓபோ என்கிற குழலுக்குப் பதினாலு பார், அதாவது பதினாலு தாளக் கட்டம், நீளத்துக்கு ஓய்வே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ஓபோ வாசிப்பவருக்கு மூச்சு முடிவதில்லை, அதற்கு நேர்மாறு: அதன் வாயில் இருக்கிற சின்னச் சீவாளிக்குள் மிகக் கொஞ்சக் காற்றுத்தான் போகும், பழைய காற்று நெஞ்சுக்குள் தேங்கி, அதை வெளியே விட இடம் தேடி ஆள் தவிக்கும். ட்ரம்பெட்டை மூன்று பக்கம் மேல்சுரத்திலேயே நிறுத்தி வைத்தால் நாலாம் பக்கத்தில் உதடு கழன்றுவிடும். கொம்பியூட்டருக்கு உதடும் இல்லை நெஞ்சும் இல்லை, அதனால் அது எல்லாவற்றையும் உங்களுக்கு நன்றாகவே வாசித்துக் காட்டும்.

ஆகவே சிம்பொனியை லாச்சிக்குள் வையுங்கள், எறிய வேண்டாம். இரண்டாம் பகுதியின் ஆரம்ப மெட்டு உண்மையாகவே நன்றாக இருக்கிறது. அதை மட்டும் எடுத்து நாலு பேருக்கு ஆறு நிமிடத்தில் எழுதுங்கள். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ என்கிற ஸ்ட்ரிங் குவார்டெட்டை எப்படி எழுதுவது என்று பார்க்க, பதினெட்டாம் நூற்றாண்டு ஒஸ்திரியக்காரர் ஹைடன் 68 விட்டுப் போயிருக்கிறார், ஐஎம்எஸ்எல்பி இணையத்தளத்தில் தாள்கள் இலவசம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பேனையால் பார்த்து எழுதுங்கள். வாசித்துப் பார்ப்பதைவிடக் கையால் எழுதும்போதுதான், இந்த ஆள் ஏன் இந்த இடத்தில் வயோலாவை நிறுத்திவிட்டார் என்கிற கேள்வி வரும்.

வயோலாவும் செல்லோவும் பரந்தனில் ஏது என்று கேட்பீர்கள். சரி, இல்லை. இருப்பவர்களை எண்ணுங்கள். கர்நாடக வயலின் படித்த இருவர், பள்ளிக்கூட பாண்டில் கிளாரினெட் வாசித்த ஒருவர், தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கிற ஒருவர். நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

கிளாரினெட் என்றதும் என் கதை ஒன்று. முதன்முதலாகக் கொழும்பில் ஐந்து நண்பர்கள் என் உருப்படியை வாசித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள், மண்டபம் இரண்டு மணித்தியாலத்துக்கு. பி பிளாட் கிளாரினெட்டில் சி என்று எழுதியிருப்பதை வாசித்தால் ஒரு முழுச் சுரம் கீழே, பி பிளாட்தான் ஒலிக்கும், ஆகவே சி கேட்கவேண்டும் என்றால் டி என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கொம்பியூட்டர் அதைத் தானாகவே மாற்றித் தரும், ஒரு பொத்தானை அணைத்தால். நான் அணைக்க மறந்துபோய் அச்செடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறிவிட்டேன். வாசிக்கத் தொடங்கியதும் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். இது "நவீன இசை" என்பதால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து மரியாதைக்காக ஒருவரும் நிறுத்தவில்லை! மூன்றாம் பக்கத்தில்தான் கிளாரினெட்காரர் மெல்ல, "இது நீங்கள் நினைத்து எழுதியதுதானா?" என்று கேட்டார். அதைத் திருத்துவதில் நாற்பது நிமிடம் போய்விட்டது. ஹோர்னுக்கு இதே கணக்கு ஐந்து சுரம், டபுள் பேஸுக்கு ஒரு முழு ஸ்தாயி. அச்செடுக்கமுதல் ஒருக்கா பாருங்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு சங்கீத ஆசிரியை: ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்குத் தோடி எழுதவேண்டும் என்று நெடுநாள் ஆசை. கமகத்தை (சுரத்தை ஆட்டிப் பாடுவதை) மேற்கத்திய ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் எப்படி எழுதுவது? அடியில் என்ன கோர்ட், அதாவது சுரக்கூட்டு, போடுவது?

பதில்: ரீச்சர், முதல் உருப்படிக்குத் தோடியில் கை வைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாததா, தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிற சுரமே இல்லை, கீழே ரியைத் தொட்டு மேலே மவை எட்டிப் பார்த்து ஆடிக்கொண்டே இருப்பது. அதை ஈ பிளாட் என்று தாளில் போட்டுக் கொடுத்தால், மேற்கத்திய முறையில் படித்த வயலின்காரர் ஈ பிளாட்டை ஆணி அடித்தமாதிரி நேராக வாசிப்பார், தோடி செத்துவிடும். ஆட்டத்தைச் சின்னச் சின்ன சுரங்களாக எழுதிக் காட்டினால் தையல் மெஷின் ஓடுகிறமாதிரி வரும். வழுக்கல் கோடு போட்டால் அம்புலன்ஸ். மூன்றையும் எழுதிப் பார்த்து மூன்றிலும் தோற்றவன் நான்.

என்ன செய்யலாம்? சுரங்கள் நேராக நின்றாலும் முகம் தெரிகிற ராகங்கள் இருக்கின்றன, மோகனம், ஹம்சத்வனி போல. முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரின் பாண்ட் மெட்டுகளுக்கு வடமொழி வரிகள் போட்டு நொட்டுஸ்வரம் செய்தபோது அவை சங்கராபரணத்தின் சுரங்களில் கமகம் இல்லாமல் நின்றன, ஒருவரும் குறை சொல்லவில்லை. இன்னொரு வழி, தாளோடு உங்கள் குரலையும் அனுப்புவது. ஒவ்வொரு சொற்கட்டையும் மெதுவாக ஒரு தடவை, காலப்பிரமாணத்தில் ஒரு தடவை போனில் பாடி அனுப்புங்கள். ஓர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களுக்குக் காது இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது பிழை. ஆனால் எனக்கு மிகப் பிடித்த வழி இது: நாலு பேரில் ஒருவரைக் கர்நாடக வயலின்காரராக வையுங்கள், ஆட்டம் முழுவதும் அவருடையது, மற்ற மூவரும் தாங்கிப் பிடிக்கட்டும். அவருடைய வயலின் ச-ப-ச-ப என்று சேர்க்கப்பட்டிருக்கும், மற்ற வயலின் ஜி-டி-ஏ-ஈ. அதை முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

கோர்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ராகத்துக்கு அடியில் கோர்ட் போட்டால் ஒவ்வொரு கோர்ட்டும் சுரத்தைத் தன் பக்கம் இழுக்கும், கேட்பவருக்கு ச எங்கே என்பதே மறந்துபோகும். அதற்குப் பதிலாகச் சுருதியைக் கட்டுங்கள். செல்லோவுக்கும் வயோலாவுக்கும் திறந்த தந்திகள் சி-ஜி-டி-ஏ. வயலினுக்கு ஜி-டி-ஏ-ஈ. நாலு வாத்தியத்துக்கும் பொதுவானவை ஜி, டி, ஏ மூன்றும். ஆகவே ச என்கிற ஆதார சுரத்தை ஜியில், அதாவது 5 கட்டையில் வைத்தால் ச, ப இரண்டும் நாலு பேரிடமும் திறந்த தந்தியில் கிடைக்கும். 2 கட்டையில், டியில் வைத்தாலும் அப்படியே. திறந்த தந்தியில் வில்லை மெல்ல இழுத்தால் தம்பூரா போல ஒரு ரீங்காரம் வரும், விரல் வைத்த சுரத்தில் அது வராது. 4 கட்டையில் எழுதிவிட்டு ஏன் மங்கலாகக் கேட்கிறது என்று யோசிக்கக்கூடாது, எஃப் என்கிற திறந்த தந்தி ஒருவரிடமும் இல்லை.

பிறகு நாலு பேரும் என்ன வாசிப்பது? இதற்கான விடை உங்களிடமே இருக்கிறது ரீச்சர். மேடையில் நீங்கள் ஆலாபனை பாடும்போது பக்கத்தில் வயலின் என்ன செய்கிறது? அரைக் கணம் பின்னால், உங்கள் நிழலாக, நீங்கள் போன இடத்துக்கெல்லாம் வந்து, நீங்கள் நிறுத்தியதும் கடைசிச் சொற்கட்டைத் திருப்பித் தருகிறது. அதைத்தான் எழுதவேண்டும். முதல் வயலின் வரியை எடுங்கள், அதே வரியை இரண்டாம் வயலினுக்கு அரை மாத்திரை தள்ளிக் கொடுங்கள், வயோலாவுக்கு அதே வரியை ஆபரணம் எல்லாம் கழற்றி எலும்பு மட்டும் கொடுங்கள், செல்லோ சுருதியில் நின்று வரி முடிகிற இடத்தில் மட்டும் வாய் திறக்கட்டும். மேற்கத்தியப் பாடநூலில் இதற்குப் பக்கத்தில் வருகிற உத்திக்கு வேறு பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் உங்களுக்குத் தேவையில்லை.

மிஸ்ர சாபு என்கிற ஏழு எண்ணிக்கைத் தாளத்தை ஏழு எட்டு என்று போட்டு, தகிட தகதிமி என்பதற்கேற்ப 3+4 என்று மேலே எழுதி, சுரங்களின் வால்களையும் அப்படியே மூன்றும் நாலுமாகக் கட்டுங்கள். வால் மாறினால் அழுத்தம் மாறும், வாசிப்பவர்கள் வாயால் எண்ணுவதில்லை, கண்ணால் எண்ணுகிறார்கள். கோர்வை (முடிப்புக் கணக்கு) வந்தால்? மிருதங்கம் கூட இருக்கிறதென்றால் பார் கோடுகளைத் தாளத்துக்கே விட்டுவிட்டு அழுத்தக் குறிகளைக் குறுக்கே போடுங்கள். மிருதங்கம் இல்லாத வெறும் நாலு வில் என்றால் கோர்வையின் கணக்குக்கு ஏற்பப் பாரையே மாற்றி எழுதுங்கள், தாளத்தோடு மோதுகிற சுகம் போய்விடும், ஆனால் நாலு பேரும் ஒன்றாக வந்து சேர்வார்கள்.

முள்ளியவளையிலிருந்து ஒரு பெரியவர்: எங்கட ஊரில் கோவலன் கூத்து இருக்கு, அருவி வெட்டுப் பாட்டு இருக்கு, கரையில் அம்பாப் பாட்டு இருக்கு. இதையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளைக்காரன்ர பெட்டிக்குள் பூந்து என்ன செய்யப்போறீர்? இந்த நவீன இசையைக் கேட்டால் தகர வாளியைப் படியில உருட்டினமாதிரி இருக்கு.

பதில்: ஐயா, தகர வாளி உவமை நன்றாக இருக்கிறது, பாதி உருப்படிகளுக்கு அது பொருந்தும் என்று நானே ஒத்துக்கொள்கிறேன். நூறு வருஷத்துக்கு முந்தி எழுதியவற்றில் உருப்படாதவை மறைந்து நல்லவை மட்டும் எங்கள் காதுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, நேற்று எழுதியவற்றை இன்னும் ஒருவரும் புடைக்கவில்லை, உமியும் சேர்ந்தே வருகிறது.

ஆனால் பெட்டி விஷயத்தில் ஒரு சொல். வயலினும் வெள்ளைக்காரனின் பெட்டிதான், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதை எடுத்து மடியில் வைத்து இருநூறு வருஷம் ஆகிறது, இன்றைக்கு அது இல்லாமல் கச்சேரி இல்லை. கூத்துக்குப் பின்னால் வந்த ஆர்மோனியமும் அப்படித்தான்.

நீங்கள் சொன்ன பாட்டுகளை விட்டுவிடுகிறோம் என்று யார் சொன்னது? ஹங்கேரிக்காரர் பேலா பார்ட்டோக் 1906 அளவில் மெழுகு உருளையில் பதிகிற கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் பாட்டுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அந்த மெட்டுகளை அப்படியே ஓர்கெஸ்ட்ராவில் போட்டது கொஞ்சம்தான். அவற்றின் நடை, சுரம் தாவுகிற விதம், வரி முடிகிற இடம் எல்லாம் அவருக்குள் ஊறி, அவர் எழுதிய ஆறு குவார்டெட்டுகளிலும் வேறு உருவத்தில் வந்தன. நான் செய்ய விரும்புவதும் அதுதான். அம்பாப் பாட்டில் ஒருவர் எடுக்க மற்றவர்கள் வலையை இழுத்தபடி சேர்ந்து கொடுக்கிறார்களே, அந்த எடுப்புக்கும் சேர்ப்புக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருக்கிறது, அது வலையின் பாரத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். தாளம் தட்டிக் காட்டும் எந்த மெட்ரோனோமும் தராத நடை அது. ஒரு செல்லோவும் மூன்று வயலினும் வைத்து அந்த இடைவெளியை எழுத நான் இரண்டு வருஷமாகப் பாடுபடுகிறேன், இன்னும் சரிவரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒலிவியே மெஸ்ஸியான் என்கிற பிரெஞ்சுக்காரர் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் கைதியானார். 1941 ஜனவரி 15 அன்று, கூர்லிட்ஸ் என்கிற இடத்துக் கைதி முகாமில், குளிருக்குள், வயலின், கிளாரினெட், செல்லோ, பியானோ நாலுக்கும் அவர் எழுதிய உருப்படி கைதிகளுக்கு முன்னால் வாசிக்கப்பட்டது. ஏன் அந்த நாலு வாத்தியம்? அங்கே வயலின்காரர் ஒருவரும் கிளாரினெட்காரர் ஒருவரும் செல்லோக்காரர் ஒருவரும் இருந்தார்கள், அவர் பியானோ வாசிப்பார், அவ்வளவுதான். செல்லோவுக்கு மூன்று தந்திதான் இருந்தது என்று மெஸ்ஸியான் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார், இல்லை நாலும் இருந்தது என்று செல்லோ வாசித்தவரே சொன்னார். எட்டுப் பகுதியில் நாலு பேரும் சேர்ந்து வாசிப்பது பாதியில்தான். ஆறாம் பகுதியில் நாலு பேரும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வரியை வாசிக்கிறார்கள், கோர்ட் என்ற பேச்சே இல்லை, எங்கள் பஜனைக் கோஷ்டி மாதிரி. தாளக் கணக்குகளை அவர் எடுத்தது எங்கேயிருந்து தெரியுமா, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய நூலில் இருக்கிற 120 தேசி தாளங்களிலிருந்து. முகாமுக்குள் இருந்துகொண்டு இருக்கிற ஆளையும் இருக்கிற சாமானையும் வைத்து ஒன்றைச் செய்வது எப்படி என்று வன்னியில் நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஐயா, ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அருவி வெட்டுப் பாட்டு தெரியும் என்று எழுத்திலேயே தெரிகிறது. பேரப்பிள்ளையிடம் சொல்லி போனில் பாடி அனுப்புங்கள், திட்டியதற்குத் தண்டம்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: எந்த மென்பொருள் நல்லது? திருட்டுப் பிரதி ஒன்று நண்பரிடம் இருக்கிறது.

பதில்: மியூஸ்ஸ்கோர் இலவசம், குவார்டெட்டுக்கும் போதும் ஓர்கெஸ்ட்ராவுக்கும் போதும். திருட்டுப் பிரதியை நண்பரிடமே விடுங்கள். காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு விஷயம்: ஃபினாலே என்கிற பெரிய மென்பொருளை இனி வளர்க்கமாட்டோம் என்று அதன் நிறுவனமே 2024 ஓகஸ்டில் அறிவித்துவிட்டது, இருபது முப்பது வருஷ வேலையை அதில் வைத்திருந்தவர்கள் திண்டாடிப்போனார்கள். ஆகவே எதில் எழுதினாலும் வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய மியூசிக் எக்ஸ்எம்எல் ஒரு பிரதி, பிடிஎஃப் ஒரு பிரதி, தாளில் ஒரு பிரதி. அப்புறம், பார்ட், அதாவது ஒவ்வொருவருக்குமான தனித்தாள், அச்செடுக்கும்போது பக்கம் புரளும் இடத்தில் வாசிப்பவருக்கு ஓய்வு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கிற ஆள் எதால் பக்கம் புரட்டுவார்?

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி: வற்றாப்பளை அம்மன் கோயில் கதையில் கடல்நீரில் விளக்கெரிவதை வைத்து எழுதுகிறேன். நாதஸ்வரம், தவில், உடுக்கு, கூட ஆறு தந்தி வாத்தியம். ஒத்துவருமா?

பதில்: நாதஸ்வரமும் தவிலும் கோயில் வெளிவீதிக்கு என்று பிறந்தவை, ஒரு சந்திக்கு அப்பால் கேட்கவேண்டும் என்பதுதான் அவற்றின் வேலை. ஆறு வயலினை ஒரு தவில் ஒரு அடியில் விழுங்கும். ஒரே நேரத்தில் வாசிக்க விடாதீர்கள், மாறி மாறி வரட்டும், அல்லது நாதஸ்வரத்தை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி உள்ளே தந்திகளை வையுங்கள், தூரத்தால் கேட்கிற நாதஸ்வரத்துக்கு எங்கள் ஊரில் தனி அழகு. இரண்டாவது, சுருதி. வயலினைப் பிரடை திருகிக் கூட்டலாம் குறைக்கலாம், நாதஸ்வரத்தின் சுருதி அதன் நீளத்தோடு வந்தது, சீவாளியை மாற்றி ஒரு நூலளவு அசைக்கலாம், அவ்வளவுதான். நீளமான பாரி ஒரு சுருதி, குட்டையான திமிரி அதைவிட மேலே. எழுதத் தொடங்கமுதல் வாசிக்கப்போகிற வித்துவானிடம் போய் அவருடைய கருவி எத்தனை கட்டை என்று கேட்டு, போனில் ட்யூனரை வைத்துப் பார்த்து, அதற்கு ஏற்ப மற்றவர்களுக்கு எழுதுங்கள். எழுதி முடித்தபிறகு போய்க் கேட்டால் ஆறு பேருக்கும் எல்லாவற்றையும் திருப்பி எழுதவேண்டி வரும்.

உடுக்கு நல்ல யோசனை. இடுப்புக் கயிற்றை அமத்தினால் சுரம் ஏறும், விட்டால் இறங்கும், வயலினின் வழுக்கலோடு அது பேசும், சத்தமும் அளவானது. தந்திகளிலும் தோல் சத்தம் எடுக்கலாம்: விரலால் தந்தியை நிமிர்த்தி இழுத்து விட்டால் அது பலகையில் சடார் என்று அடிக்கும், பார்ட்டோக் அடிக்கடி கேட்டதால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள், ஒரு சிறு வட்டமும் மேலே ஒரு கோடும் அதன் குறி. வில்லின் மரத்தால் தந்தியைத் தட்டச் சொல்லியும் எழுதலாம், ஆனால் விலையான வில் வைத்திருப்பவர் முகம் கறுக்கும், பழைய வில் ஒன்று கொண்டுவரச் சொல்லி முன்னமே சொல்லிவிடுங்கள்.

விளக்கெரிவதை எழுதும்போது தீ, அலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் தேடாதீர்கள். ஒரே சுரத்தை ஆறு பேரும் பிடிக்கட்டும். முதலில் எல்லாரும் விரல்பலகைப் பக்கமாக வில்லை வைத்து, மங்கலாக. பிறகு ஒவ்வொருவராகக் குதிரைப் பக்கம் வில்லை நகர்த்தட்டும், அங்கே சத்தம் கூரான கண்ணாடி போலாகும். சுரம் மாறவில்லை, ஆனால் உள்ளே ஏதோ பற்றிக்கொள்கிறது. முழுதாக ஒரு நிமிடம் எடுங்கள், அவசரப்படாதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி: வெளிநாட்டுக் குழு ஒன்று புதிய உருப்படிகள் கேட்கிறது, நுழைவுக் கட்டணம் 40 டொலர். கட்டலாமா? களவெடுத்துவிடுவார்களா? பதிவு செய்யவேண்டுமா?

பதில்: கட்டவேண்டாம். நானும் ஒருமுறை கட்டினேன், தெரிவாகவில்லை என்று சொல்லக்கூட ஒரு வரி வரவில்லை, அடுத்த வருஷம் மட்டும் தவறாமல் "மீண்டும் விண்ணப்பியுங்கள்" என்று மெயில் வந்தது. கட்டணம் கேட்காதவையும் இருக்கின்றன, அவற்றுக்கு அனுப்புங்கள். அனுப்பமுதல் பாருங்கள்: எத்தனை வாத்தியம், எத்தனை நிமிடம், பதிவு தருவார்களா, உரிமை யாருக்கு. பதிவு தரவில்லை என்றால் வாசித்தும் உங்களுக்குப் பாதிப் பயன்தான். களவைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள், எங்களைப்போன்றவர்களின் பிரச்சினை ஒருவரும் எடுத்துப் பார்க்காததுதான். சட்டம் உங்கள் பக்கம்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நீங்கள் எழுதிய கணத்திலிருந்து பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை, உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருஷமும். அதே சட்டம் மறுபக்கமும் வெட்டும். நீங்கள் எடுத்த கவிதையை எழுதியவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் "எடு பிள்ளை" என்று சொன்னது காணாது.

கிளிநொச்சியிலிருந்து ஒரு அம்மா: மகனுக்குப் பதினைந்து வயது, இசை எழுதுபவனாக வரப்போகிறேன் என்று நிற்கிறான். என்ன படிப்பிப்பது? சோறு போடுமா?

பதில்: சோறு போடாது அம்மா, படிப்பித்தால் போடும். இதை எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் வாத்திமார்தான், நானும். பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய சங்கீதம் இருந்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் கர்நாடக சங்கீதம் எடுத்துக்கொண்டு வெளியே ஏபிஆர்எஸ்எம் அல்லது ட்ரினிட்டி என்கிற லண்டன் இசைத் தேர்வுகளுக்குப் படிக்கலாம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் தரச் செய்முறைக்குப் போக ஐந்தாம் தரத் தியறியோ அதற்கு ஈடான ஒன்றோ சித்தியடைந்திருக்கவேண்டும், அந்தத் தியறியைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன். பிறகு கொழும்பில் கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் இருக்கிறது, அங்கே கர்நாடக சங்கீதம். ஆனால் இதெல்லாவற்றுக்கும் முதல், கொம்பியூட்டரை ஒரு வருஷம் மூடிவைத்துவிட்டு ஒரு வாத்தியத்தை நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கட்டும், தேவாலயப் பாடகர் குழுவோ பள்ளிக்கூட பாண்டோ எதுவானாலும் சரி. பிந்தி வருகிறவரை, சுருதி விலகுகிறவரை, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவரைத் தெரியாமல் எழுதினால் அவன் எழுதுவது பரந்தன் தம்பியின் ஃபுளூட் மாதிரித்தான் இருக்கும். 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதைப் பார்த்துவிட்டுத்தான் மகனுக்கு இந்த ஆசை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல், அதையும் மகனிடம் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து: உருப்படிக்குத் தமிழில் தலைப்பு வைக்கலாமா?

பதில்: தாராளமாக. கீழே உச்சரிப்பை ரோமன் எழுத்தில் போட்டுவிடுங்கள், அறிவிப்பாளர் பாவம்.

பூநகரியிலிருந்து ஒருவர்: வெளிநாட்டிலிருந்து மருமகன் ஒரு செல்லோ கொண்டுவந்து தந்தார். கச்சான் காலத்தில் பிரடை நிற்கவே மாட்டேன் என்கிறது, சுற்றி விட்டால் சர்ரென்று கழன்றுவிடுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. கச்சான் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, பிரடை ஒடுங்கித் துளைக்குள் வழுக்குகிறது. மாரியில் எதிர்மாறாக ஊதி இறுகிப்போய்த் திருகவே முடியாது. பிரடையை வெளியே எடுத்து, துளையில் படுகிற இடத்தில் கரும்பலகைச் சோக்கைக் கொஞ்சம் பூசி, திருகும்போது உள்ளே அழுத்தியபடி திருகுங்கள். ஒரே நேரத்தில் நாலு தந்தியையும் கழற்றவேண்டாம், உள்ளே நிற்கிற சின்னத் தூண் ஒன்று தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது, விழுந்தால் நிமிர்த்த இங்கே ஆள் இல்லை. தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள், பெட்டிக்குள் ஈரத்துணியை ஒரு துளை போட்ட சவர்க்காரப் பெட்டியில் போட்டு வையுங்கள். பிரடை நின்றதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் மேலே சொன்ன அம்பாப் பாட்டு உருப்படிக்கு வன்னிக்குள் ஒரு செல்லோ தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாசிக்கத் தெரிந்தவரா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம்.